வால்பாறை டு அதிரப்பள்ளி: காட்டின் கடிகாரம் பார்த்துக் கிளம்புங்கள்! | வீக் எண்ட் ரூட்

அதிரப்பள்ளி என்றால் சிலருக்குச் சட்டென்று பிடிபடாது. ‘புன்னகை மன்னன் அருவி’ என்று சொன்னால் போதும், வீட்டில் தாத்தா முதல் பேத்தி வரை தலையாட்டுவார்கள். 1986-ல் கமலும் ரேகாவும் அந்தப் பாறை விளிம்பில் நின்றதிலிருந்து, தமிழ் ரசிகர்களுக்கு அந்த அருவி சொந்த ஊர் அருவி மாதிரி ஆகிவிட்டது. பிறகு ‘இராவணன்’, ‘பாகுபலி’ என்று கேமராக்கள் அங்கே போய்க்கொண்டே இருக்கின்றன.

கேரளத்தின் திருச்சூர் மாவட்டத்தில் இருக்கும் இந்த அருவிக்குக் கோவையிலிருந்து இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, பாலக்காடு, திருச்சூர், சாலக்குடி என்று நெடுஞ்சாலையிலேயே போகும் வழி. வேகமாகப் போகலாம், சிக்கல் இல்லை. இன்னொன்று, பொள்ளாச்சி, ஆழியாறு, வால்பாறை, மளுக்கப்பாறை, வாழச்சால் என்று மலையேறி, காட்டைக் கடந்து, மறுபக்கம் இறங்கும் வழி. ஏறக்குறைய 185 கி.மீ. தூரம்தான். ஆனால், இந்த வழியில் அருவி என்பது கடைசி ஐந்து கிலோமீட்டர் மட்டுமே. அதற்கு முன்னால் வருகிற அத்தனையும்தான் பயணம்.

இந்த வாரம் அந்த இரண்டாவது வழி.

திட்டத்தைக் கடைசியிலிருந்து போடுங்கள்

குடும்பத்தோடு டூர் என்றால் நாம் வழக்கமாக எப்படித் திட்டமிடுவோம்? ‘காலையில் ஆறு மணிக்குக் கிளம்புறோம், வழியில டிபன், மதியம் அருவி, ராத்திரி வீடு.’ கிளம்பும் நேரத்திலிருந்து கணக்குப் போடுவோம். ஆறு மணி என்பது ஏழரை ஆகும். பாட்டிக்கு மாத்திரை மறந்துபோய் பாதி வழியில் திரும்பி வருவோம். நெடுஞ்சாலையில் இதெல்லாம் பெரிய விஷயமில்லை. அரைமணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்வோம், அவ்வளவுதான்.

மளுக்கப்பாறை வழியில் அந்தக் கணக்கு செல்லாது. மளுக்கப்பாறைக்கும் வாழச்சாலுக்கும் நடுவே இருக்கும் சுமார் 50 கி.மீ. முழுக்கக் காடு. இரண்டு முனையிலும் கேரள வனத்துறையின் சோதனைச்சாவடி இருக்கிறது. மாலை நெருங்கினால் வண்டியை உள்ளே விடமாட்டார்கள். இருசக்கர வாகனங்களுக்கு இன்னும் கறார். நேரமும் விதிகளும் சீசனுக்குச் சீசன் மாறும் என்பதால், முதல்நாளே வால்பாறையில் விசாரித்துவிடுவது நல்லது.

அதனால் கணக்கைத் தலைகீழாகப் போட வேண்டும். வெளிச்சம் இருக்கும்போதே வாழச்சாலைத் தாண்டியிருக்க வேண்டும். காட்டுப் பாதைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வால்பாறையிலிருந்து மளுக்கப்பாறைக்கு ஒரு மணி நேரம். அருவியில் நிதானமாக இரண்டு, மூன்று மணி நேரம் வேண்டும். இதையெல்லாம் கழித்தால், வால்பாறையிலிருந்து காலை ஏழு மணிக்காவது கிளம்ப வேண்டும் என்று விடை வரும். கோவையிலிருந்து வால்பாறைக்கே மூன்றரை மணி நேரம் பிடிக்கும் என்பதால், இது ஒரு நாள் பயணம் அல்ல. ஓர் இரவு வால்பாறையில் தங்கித்தான் ஆக வேண்டும்.

‘ஒரே நாளில் முடித்துவிடலாம்’ என்று யாராவது மாமா சொன்னால், மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, அவரையும் இரண்டு நாள் லீவு போடச் சொல்லுங்கள்!

வண்டியை எடுக்கும் முன்

ஊட்டி, கொடைக்கானலுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயம் ஆனது தெரிந்திருக்கும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து, 2025 நவம்பர் 1 முதல் வால்பாறைக்கும் அந்த நடைமுறை வந்துவிட்டது. தமிழக அரசின் இ-பாஸ் இணையதளத்தில் வண்டி எண்ணையும் பயணத் தேதியையும் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். ஆழியாறு சோதனைச்சாவடியில் வண்டியை நிறுத்திவிட்டு, பிள்ளைகள் பின்சீட்டில் சிணுங்க, போனில் சிக்னல் தேடிக்கொண்டிருப்பதைவிட வீட்டிலேயே எடுத்துவிடுங்கள்.

லைசென்ஸ், ஆர்.சி., இன்ஷூரன்ஸ், புகைச் சான்றிதழ் எல்லாம் கையில் இருக்கட்டும். வாடகை வண்டி என்றால், கேரளத்துக்குள் போவதற்கான பெர்மிட் எடுத்தாயிற்றா என்று டிரைவரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். மாநில எல்லையில் போய்க் கேட்டால் தகராறுதான் மிஞ்சும்.

பெட்ரோலை வால்பாறையிலேயே நிரப்பிவிடுங்கள். அதைத் தாண்டினால் காட்டுப் பாதை முழுக்க பங்க் கிடையாது. பெரும்பாலான இடங்களில் செல்போன் சிக்னலும் கிடையாது. மேப்பை முன்பே டவுன்லோடு செய்து வைத்துக்கொள்ளலாம். ஸ்டெப்னியில் காற்று, ஜாக்கி, டார்ச் லைட் மூன்றையும் சரிபார்த்துவிடுங்கள். பிரேக்கை மெக்கானிக்கிடம் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.

மழைக்காலத்தில் மண் சரிந்து சாலையை மூடிவிடுவதும் உண்டு. அதனால் மனதில் மாற்றுத் திட்டம் ஒன்று இருக்கட்டும். சாலை மூடியிருந்தால், வால்பாறையை மட்டும் ரசித்துவிட்டுத் திரும்புங்கள். அருவி அடுத்த மாதமும் அங்கேதான் இருக்கும்.

நாற்பது வளைவுகள்

பொள்ளாச்சி தாண்டி, தென்னந்தோப்புகள் முடியும் இடத்தில் ஆழியாறு அணை வருகிறது. அங்கிருந்து வால்பாறை வரை சுமார் 40 கி.மீ., 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதியிருக்கும். பிள்ளைகளிடம் எண்ணும் வேலையைக் கொடுத்துவிட்டால், ‘எப்பப்பா வரும்?’ என்கிற கேள்வி பாதியாகக் குறைந்துவிடும்.

மலையில் மேலே ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை. இறங்குகிறவர் ஒதுங்கி வழிவிட வேண்டும். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில்தான் இறங்க வேண்டும். நியூட்ரலில் விட்டு, பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போகலாம். பனிமூட்டத்தில் ஹை பீம் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டுக் கண்ணையே கூசும். லோ பீம்தான் சரி.

வாந்தி வரும் ஆட்களை முன்சீட்டில் உட்கார வையுங்கள். பின்சீட்டில் போன் பார்த்துக்கொண்டு வருகிற பிள்ளைக்குத்தான் முதலில் தலைசுற்றும். அசையும் வண்டிக்குள் அசையாத திரையைப் பார்க்கும்போது, கண் ஒன்று சொல்ல, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு வேறொன்று சொல்கிறது. மூளை குழம்புவதால்தான் குமட்டல். ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி, தூரத்து மலையைப் பார்க்கச் சொல்லுங்கள். வயிறு முட்டச் சாப்பிடாமல் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்வதும், வாயில் ஒரு துண்டு இஞ்சி மரப்பா அடக்கிக்கொள்வதும் பலருக்குக் கைகொடுக்கும். மாத்திரை வேண்டும் என்றால் டாக்டரிடம் கேட்டு, மலையேறுவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். குமட்டல் தொடங்கிய பிறகு போட்டுப் பலனில்லை.

ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ பாயின்ட். கீழே ஆழியாறு அணை ஒரு நீலத் தட்டு மாதிரி தெரியும். சுற்றியுள்ள பாறைச் சரிவுகளைப் பொறுமையாகப் பாருங்கள். பாறை நிறத்திலேயே நிற்கும் வரையாடுகள் கண்ணில் படலாம். தமிழகத்தின் மாநில விலங்கு அது. சாலையோரத்துக்கே வந்து நின்றாலும், பிஸ்கட் நீட்டாதீர்கள்.

வால்பாறையில் ஓர் இரவு

தேயிலைத் தோட்டம் என்றால் பச்சைக் கம்பளம் விரித்த மாதிரி இருக்கிறது என்போம். அந்தக் கம்பளத்துக்கு நடுவே அங்கங்கே துண்டு துண்டாகக் காடும் ஓடைகளும் மிச்சம் இருக்கின்றன. யானைகள் அந்தத் துண்டுகளைத்தான் படிக்கட்டு மாதிரி பயன்படுத்தி, தோட்டங்களைக் கடந்து போய் வருகின்றன. தோட்டத் தொழிலாளர்கள் அதே இடங்களில்தான் வேலை செய்கிறார்கள், அதே பாதையில்தான் வீடு திரும்புகிறார்கள். இருட்டில் எதிரெதிரே சந்தித்துக்கொண்டதில் பல உயிர்கள் போயிருக்கின்றன.

அதற்காகத்தான் இங்கே ஓர் எச்சரிக்கை ஏற்பாடு உருவானது. யானைக்கூட்டம் எந்த எஸ்டேட் பக்கம் நிற்கிறது என்பது உள்ளூர் மக்களின் செல்போனுக்குச் செய்தியாக வரும். சாலையோரக் கம்பங்களில் இருக்கும் சிவப்பு விளக்குகளை செல்போன் மூலமே எரியவைப்பார்கள். வனத்துறையோடும் மக்களோடும் சேர்ந்து இதைச் செய்த நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் அமைப்பின் ஆய்வாளர் ஆனந்தகுமாருக்கு, 2015-ல் சர்வதேச அளவில் மதிக்கப்படும் விட்லி விருது கிடைத்தது. வால்பாறையில் மாலை நேரத்தில் கம்பத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால், அது அலங்காரம் இல்லை. அந்தப் பக்கம் யானை இருக்கிறது என்று அர்த்தம்.

2025 பிப்ரவரியில் வால்பாறைச் சாலையில் யானை நின்றபோது மற்ற வண்டிகள் ஒதுங்கிக் காத்திருந்தன. பைக்கில் வந்த வெளிநாட்டுப் பயணி ஒருவர் மட்டும் கடந்துவிடலாம் என்று முன்னே போனார். யானை தாக்கி அவர் உயிரிழந்தார். ஊர்க்காரர்கள் நிற்கிற இடத்தில் நாமும் நிற்க வேண்டும் என்பதைத் தவிர இதில் வேறு பாடம் இல்லை.

தண்ணீரும் அப்படித்தான். முழங்கால் அளவு தெளிவாக ஓடும் ஓடையில் அடுத்த அடி ஆளை விழுங்கும் குழியாக இருக்கலாம். 2023 அக்டோபரில் சோலையாறு எஸ்டேட் பகுதியில் ஆற்றில் இறங்கிய கோவைக் கல்லூரி மாணவர்கள் ஐந்து பேர் ஒரே நாளில் இறந்துபோனார்கள். தோட்டத் தொழிலாளி ஒருவர் ‘இங்க இறங்காதீங்க’ என்றால், அவர் வேறு யாரிடமும் கேட்டுச் சொல்லத் தேவையில்லை.

புதுத்தோட்டம் பகுதியில் வண்டியை மெதுவாக ஓட்டுங்கள். சிங்கவால் குரங்குகளைப் பார்க்க இதைவிட எளிதான இடம் கிடையாது. மேற்குத்தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத குரங்கு இது. மரத்துக்கு மரம் தாவி வாழ வேண்டிய இனம், காடு துண்டானதால் தரையில் இறங்கிச் சாலையைக் கடக்கிறது. அவை அடிபடாமல் இருப்பதற்காகச் சாலைக்கு மேலே மரங்களுக்கு இடையில் பாலம் கட்டியிருக்கிறார்கள். அண்ணாந்து பார்த்தால் தெரியும். நாம் ஒரு வாழைப்பழம் கொடுத்தால், அந்தக் குரங்கு நாளைக்கும் பழத்துக்காகச் சாலைக்கே வரும்.

சிக்னல் இல்லாத 50 கிலோமீட்டர்

இரண்டாம் நாள் காலையில் வால்பாறையிலிருந்து தேயிலைத் தோட்டங்கள் வழியே சோலையாறு அணையைக் கடந்தால் மளுக்கப்பாறை. இங்கே மூன்று காரியங்களை முடித்துக்கொள்ள வேண்டும். சாப்பாடு, டீ, டாய்லெட். அடுத்த இரண்டு மணி நேரத்துக்கு இவை மூன்றும் கிடையாது.

சோதனைச்சாவடியில் வண்டி எண்ணையும் நுழைந்த நேரத்தையும் குறித்துக்கொள்வார்கள். பிளாஸ்டிக் பாட்டில்கள் எத்தனை என்று எண்ணுவதும் உண்டு. ஸ்டீல் பாட்டிலும் குப்பைக்கு ஒரு துணிப்பையும் இருந்தால் இந்தக் கேள்விகள் சீக்கிரம் முடிந்துவிடும். வழியில் இறங்கிச் சமைப்பது, பாட்டுப் போட்டு ஆடுவது, ரீல்ஸ் எடுப்பது எதற்கும் இடமில்லை. கையில் முறுக்கும் பழமும் இருந்தால் வண்டிக்குள்ளேயே சாப்பிட்டுக்கொள்ளலாம்.

சாலை குறுகலானது. இரண்டு பக்கமும் மரங்கள் மேலே சேர்ந்து, பகல் பதினோரு மணிக்கும் அந்தி மாதிரி இருக்கும். ஏசியை நிறுத்தி, ஜன்னலை இறக்கி, மெதுவாகப் போங்கள். ‘ஹுஷ்... ஹுஷ்...’ என்று நீராவி இன்ஜின் மாதிரி மேலே சத்தம் கேட்டால், அது இருவாச்சி. இறக்கை அடிக்கும் சத்தமே அவ்வளவு. கேரளத்தின் மாநிலப் பறவையான இதற்கு மலையாளத்தில் ‘மலமுழக்கி வேழாம்பல்’ என்று பெயர். மலையையே முழங்கவைக்கிற பறவை.

முட்டையிடும் காலத்தில் பெண் இருவாச்சி மரப்பொந்துக்குள் புகுந்து, வாசலை அடைத்துக்கொண்டுவிடும். ஓர் அலகு நுழையும் அளவுக்குத்தான் இடைவெளி. வாரக்கணக்கில் ஆண் பறவைதான் பழம் கொண்டுவந்து ஊட்ட வேண்டும். ஆண் பறவைக்கு ஏதாவது ஆகிவிட்டால் உள்ளே இருக்கும் குடும்பத்துக்குச் சாப்பாடு இல்லை. இந்தக் காட்டில் நான்கு வகை இருவாச்சிகள் இருக்கின்றன. அவற்றின் கூடுகளைத் தேடிக் கண்டுபிடித்துக் காவல் காப்பவர்கள், தலைமுறை தலைமுறையாக இங்கேயே வாழும் காடர் பழங்குடி மக்கள். ஒருகாலத்தில் குஞ்சுகளை வேட்டையாடியவர்களும் அவர்களில் உண்டு. இன்று வனத்துறையோடு சேர்ந்து கூடு கூடாகக் கண்காணிக்கிறார்கள்.

யானை எதிரே வந்தால்?

2022 நவம்பரில் சாலக்குடியிலிருந்து வால்பாறைக்கு வந்துகொண்டிருந்த ஒரு தனியார் பேருந்தின் முன்னால் கொம்பன் யானை வந்து நின்றது. ஊர்க்காரர்கள் ‘கபாலி’ என்று கூப்பிடும் யானை. திரும்ப இடமில்லாத சாலை. ஓட்டுநர் ஹாரன் அடிக்கவில்லை, பதறவும் இல்லை. பயணிகளை வைத்துக்கொண்டு, வளைந்து வளைந்து போகும் அந்தப் பாதையில் சுமார் 8 கி.மீ. தூரம் ரிவர்ஸிலேயே பேருந்தை ஓட்டினார். கடைசியில் யானை காட்டுக்குள் விலகியது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

நம்மால் 8 கி.மீ. ரிவர்ஸ் எடுக்க முடியாது. ஆனால், அவர் செய்ததில் முக்கால்வாசியை நாமும் செய்யலாம். தூரத்திலேயே நிறுத்துங்கள். ஹாரன், பாட்டு, ஃபிளாஷ் எதுவும் வேண்டாம். இன்ஜினை உறுமவிடாதீர்கள். வண்டியைவிட்டு இறங்காதீர்கள். பின்னால் வருகிற வண்டி ஒட்டி நின்றால், கையைக் காட்டிப் பின்னுக்குப் போகச் சொல்லுங்கள், உங்களுக்குப் பின்வாங்க இடம் வேண்டும். குட்டி சாலையைக் கடந்துவிட்டது என்று கிளம்பிவிடாதீர்கள், பின்னால் தாய் வரும். நிற்கிற வண்டியை ஓவர்டேக் செய்து முன்னே போகவே போகாதீர்கள்.

அரைமணி நேரம் காத்திருக்க வேண்டி வரலாம். காலை ஏழு மணிக்குக் கிளம்பச் சொன்னது இந்த அரைமணி நேரத்துக்காகத்தான். கையில் நேரம் இருப்பவர் காத்திருப்பார். செக்போஸ்ட் மூடிவிடுமே என்று தவிப்பவர்தான் யானையைச் சுற்றிக்கொண்டு போகப் பார்ப்பார்.

கடைசி ஐந்து கிலோமீட்டர்

வாழச்சாலில் ஆறு பாறைகள்மேல் பரந்து சரிந்து இறங்கும். அடுத்த ஐந்து கிலோமீட்டரில் அதே சாலக்குடி ஆறு, சுமார் 80 அடி உயரத்திலிருந்து மொத்தமாகக் குதிக்கிறது. அதுதான் அதிரப்பள்ளி.

டிக்கெட் எடுத்து உள்ளே போனால், மேல்பகுதி வரை வயதானவர்களும் மெதுவாக நடந்து வந்துவிடலாம். அருவியின் அடிவாரத்துக்கு இறங்கும் பாதை செங்குத்தானது. இறங்குவது சுலபம், ஏறும்போதுதான் மூட்டு பேசும். முழங்கால் வலி உள்ளவர்கள் மேலேயே இருந்து பார்ப்பது நல்லது. துணைக்கு ஒருவர் கூடவே இருங்கள். சாப்பாட்டுப் பையைக் கையில் தொங்கவிடாதீர்கள், குரங்குகள் பறித்துக்கொண்டு போய்விடும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை அருவி ஆக்ரோஷமாக இருக்கும். ஆனால் பாதை வழுக்கும், சாலை மூடப்படும் வாய்ப்பும் அதிகம். தண்ணீரும் வேண்டும், பாதையும் வேண்டும் என்றால் செப்டம்பர் இறுதி முதல் ஜனவரி வரை தோதான காலம். மேலே ஆற்றில் பெரிங்கல்குத்து அணையும் மின்நிலையமும் இருக்கின்றன. அங்கே எவ்வளவு தண்ணீர் விடுகிறார்கள் என்பதைப் பொறுத்து ஒரே நாளிலேயே அருவி கூடும், குறையும். அதனால்தான் பாறையில் இறங்காதீர்கள் என்று காவலர்கள் விசிலடிக்கிறார்கள்.

பாறை விளிம்புக்குத் தள்ளி நின்று அருவியைப் பார்க்கும்போது, பிள்ளைகளுக்குச் சொல்ல இன்னொரு கதை இருக்கிறது. இந்த அருவிக்கு மேலே, வாழச்சால் பகுதியில் 163 மெகாவாட் மின்சாரத்துக்காக அணை கட்டும் திட்டம் பல ஆண்டுகளாகப் பேசப்பட்டது. அணை வந்தால் அருவிக்கு வரும் தண்ணீர் குறையும், காடர் குடியிருப்புகளும் ஆற்றங்கரைக் காடும் பாதிக்கப்படும் என்று எதிர்ப்பு எழுந்தது. ஆற்றுக்காக வாழ்நாள் முழுக்க வாதாடிய ஆய்வாளர் லதா அனந்தா 2017-ல் காலமானார். வாழச்சால் காடர்களின் மூப்பத்தி கீதா போன்றவர்கள் நீதிமன்றம் வரை போனார்கள். மேற்குத்தொடர்ச்சி மலை பற்றி ஆராய்ந்த மாதவ் காட்கில் குழுவும், 2011-ல் தந்த அறிக்கையில் இந்தத் திட்டத்துக்கு அனுமதி தரக் கூடாது என்றது. 2014-ல் வாழச்சாலின் ஒன்பது காடர் குடியிருப்புகளுக்கு வன உரிமைச் சட்டத்தின்கீழ் சமூக வன உரிமை கிடைத்தது. அணை எழவில்லை. அருவி விழுந்துகொண்டிருக்கிறது.

திரும்பும்போது மறுபடி காட்டுக்குள் போக வேண்டாம். சாலக்குடி, திருச்சூர், குதிரான் சுரங்கப்பாதை, பாலக்காடு என்று நெடுஞ்சாலையிலேயே கோவைக்கு வந்துவிடலாம். சாலை நேராக இருப்பதால், பின்சீட்டில் எல்லோரும் தூங்கிவிடுவார்கள். ஓட்டுபவருக்கு மட்டும் நடுவில் ஒரு டீ வாங்கிக் கொடுங்கள்.

ரூட் கார்டு

வழி: கோவை - பொள்ளாச்சி (40 கி.மீ.) - வால்பாறை (65) - மளுக்கப்பாறை (சுமார் 25) - வாழச்சால் (சுமார் 50) - அதிரப்பள்ளி (5).

நாள்கள்: இரண்டு. முதல் நாள் பகலிலேயே வால்பாறை சேர்ந்துவிடவும். இரவில் மலைச்சாலையில் ஓட்ட வேண்டாம்.

காலம்: செப்டம்பர் இறுதி முதல் ஜனவரி வரை.

கையில்: இ-பாஸ், வண்டி ஆவணங்கள், முழு டேங்க் பெட்ரோல், ஸ்வெட்டர், குடை, ஸ்டீல் பாட்டில், குப்பைக்குத் துணிப்பை, பாட்டியின் மாத்திரை.

முதல்நாள் இரவு கேட்க வேண்டியது: ‘நாளைக்கு மளுக்கப்பாறை ரோடு திறந்திருக்கா? செக்போஸ்ட்டில் எத்தனை மணி வரை விடுவாங்க?’ தங்கும் விடுதியிலோ, டீக்கடையிலோ கேட்டால் போதும். வால்பாறையில் இதற்குப் பதில் தெரியாதவர்கள் குறைவு.